பாதி வழியில் நிற்கும் கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில் எதற்கு?

எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் படுதா போர்த்தி ஒரு பிரீமியர் பத்மினி கார் நிற்கிறது, ஊரில் பியட் என்பார்களே, அதுதான். 1986 மாடல், கிரீம் கலர், அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதைப் பார்த்தவர்கள் லிஃப்டில், மொட்டைமாடியில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே மாட்டினாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன், இனி யார் கேட்டாலும் இதை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

மொத்தம் என்னென்ன கார் ஓட்டியிருக்கிறீர்கள்?

கற்றுக்கொண்டது பெரியப்பாவின் அம்பாசிடரில். அப்புறம் இந்த பத்மினி. சென்னையில் மாமா வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது, அது எங்களுடையது இல்லை, ஆனால் லீவுக்குப் போனால் நான் அந்தக் காரை விட்டு நகர மாட்டேன். வேலைக்குப் போன பிறகு சொந்தக் காசில் ஒரு மாருதி 800. அதை விற்று ஒரு டீசல் கார் வாங்கினேன், அதன் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை, காரணம் கீழே வரும். இப்போது ஆபீஸ் போக ஒரு சாதாரண பெட்ரோல் கார் இருக்கிறது. எங்கேயும் நிற்பதில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்லவும் எதுவும் இல்லை.

அம்பாசிடரா, பியட்டா?

இந்தச் சண்டைக்கு இன்னமும் ஆள் இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பம், கிராமத்து ரோடு, மூட்டை முடிச்சு, மேலே கேரியர் என்றால் அம்பாசிடர். டவுனில் டாக்டர், வக்கீல், டிரைவர் வைக்காமல் தானே ஓட்டுகிறவர் என்றால் பியட். எங்கள் வீட்டில் பெரியப்பா முதல் கட்சி, அப்பா இரண்டாம் கட்சி, இரண்டு பேரும் தீபாவளிக்குச் சந்தித்தால் துணிமணி பற்றிப் பேச மாட்டார்கள், மைலேஜ் பற்றித்தான் பேசுவார்கள், இரண்டு பேருமே பொய் சொல்வார்கள்.

அம்பாசிடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸை அடியொற்றியது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 1957-ல் தொடங்கி 2014 மே வரை செய்தார்கள். இடையில் கிரில் மாறியது, இன்ஜின் மாறியது, உடம்பு மாறவில்லை. பத்மினி இத்தாலிக்காரர்களின் பியட் 1100 டிலைட், பம்பாய் குர்லாவில் செய்தது. 1970-களில் பெயர் பிரீமியர் பத்மினி என்று ஆன பிறகும் நம் ஊரில் யாரும் மதிக்கவில்லை, கடைசிவரை பியட்தான். பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக அது 2023 அக்டோபர் வரை ஓடியது, அங்கே டாக்ஸிக்கு 20 வயதுதான் வரம்பு என்பதால் கடைசி வண்டியும் அப்போது இறங்கிவிட்டது.

என் தீர்ப்பு கேட்டால்: பின்சீட்டில் உட்கார்ந்து போக அம்பாசிடர், ஓட்ட பியட். அம்பாசிடருக்கு 1489 சிசி, பியட்டுக்கு 1089 சிசி, ஆனால் இன்ஜின் சத்தத்தில் ஒரு சுறுசுறுப்பு பியட்டுக்குத்தான் உண்டு. அம்பாசிடரில் ஹார்னைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று சொல்லாத ஆளே கிடையாது, பெரியப்பா முன்னால் மட்டும் யாரும் சொன்னதில்லை.

அடிக்கடி நிற்கிற காரை எப்படிப் பிடிக்கும்?

நின்றால் பிடிக்காது என்று யார் சொன்னது? ஏன் நின்றது என்று தெரியாவிட்டால்தான் பிடிக்காது. பத்மினி மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, மே மாத வெயிலில், கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் வந்ததும் மூச்சுத் திணறும், இரண்டு இழுப்பு இழுக்கும், அப்புறம் நின்றுவிடும். அப்பா பதற மாட்டார். பானெட்டைத் தூக்கி, ஒரு பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றுவார். நாங்கள் இறங்கிக் காட்டைப் பார்ப்போம். துணி காய்வதற்குள் வண்டி கிளம்பிவிடும், பர்லியாறில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு மேலே போவோம். நான் பெரியவனாகும் வரை அது மலைப் பயணத்தில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்.

ஈரத்துணி வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யுமா, சும்மாவா?

செய்யும். இது பியட்டின் குற்றமும் இல்லை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடுகிற கார்பரேட்டர் வைத்த எல்லா வண்டிக்கும் இருந்த வியாதி. அந்தக் கார்களில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே பொருத்தியிருக்கும், டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கொண்டுவரும். இன்ஜின் கொதித்தால் பைப்பில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகும், அந்தப் பம்பால் திரவத்தைத் தள்ள முடியும், ஆவியைத் தள்ள முடியாது, கார்பரேட்டர் பட்டினி. மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள், வேப்பர் லாக் என்றும் சொல்வார்கள். மலை ஏறினால் இரட்டை அடி: ஒரு பக்கம் முதல் கியரில் உறுமி உறுமி இன்ஜின் சூடாகிறது, இன்னொரு பக்கம் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து எதுவுமே சீக்கிரம் கொதிக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம், குன்னூர் 1,850 பக்கம், அங்கே தண்ணீரே 94 டிகிரியில் கொதித்துவிடும். பம்பைக் குளிர வைத்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகும், வண்டி ஓடும், மந்திரம் ஒன்றும் இல்லை.

2000-க்குப் பிறகு புகை விதிகள் இறுகி, பெட்ரோலை இன்ஜெக்ஷனில் பீய்ச்சும் முறை எல்லாக் காருக்கும் வந்தது. பம்ப் டாங்குக்குள்ளேயே போய்விட்டது, பின்னாலிருந்து அழுத்தத்தோடு தள்ளுகிறது, அதனால் இந்த வியாதியும் போயிற்று. கூடவே, சூட்டில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, திறந்த நொடியில் மொத்தமும் முகத்துக்கு வரும்.

பெயர் சொல்லாத அந்த டீசல் கார் என்ன செய்தது?

அதுவும் பத்மினி செய்ததையேதான் செய்தது, அதுதான் வேடிக்கை. நன்றாக ஓடும், விழுப்புரம் தாண்டி வெயில் ஏறியதும் திடீரென்று ஒரு முனகல்கூட இல்லாமல் ஆஃப் ஆகும். அரை மணி நேரம் ஓரத்தில் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால் ஸ்கேனரைச் சொருகி, எந்தக் கோளாறும் காட்டவில்லை சார், என்று ஏ.சி. அறையில் காபி கொடுத்து பில்லும் கொடுப்பார்கள். டீசல் ஃபில்டர் மாற்றினார்கள், ரிலே மாற்றினார்கள், பம்பில் சந்தேகம் என்றார்கள், என் டீசல் பங்கில் சந்தேகம் என்றார்கள், கடைசியில் நான் ஓட்டுகிற விதத்தில் சந்தேகம் என்றார்கள்.

கடைசியில் இங்கே திருச்சி பாலக்கரை பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய்தான் கண்டுபிடித்தார், அவர் பியட் காலத்து மெக்கானிக். "சூட்டுல நிக்குது, ஆறினா ஓடுது, அப்ப சூடாகுற ஏதோ ஒண்ணுதானே?" என்று இன்ஜின் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு இருந்த சென்சாரைக் கழற்றினார். இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் சுழல்வதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் அது. உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் சேரும். அது பேசாவிட்டால் இன்ஜின் சுற்றுகிறதா இல்லையா என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது, டீசலை நிறுத்திவிடும். ஸ்கேன் செய்கிற நேரத்தில் வண்டி ஆறிப்போயிருக்கும், அதனால்தான் அத்தனை நாளும் அகப்படவில்லை. புதியது மாட்டியதும் சரியாயிற்று.

சரியாகியும் எனக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. பத்மினி நின்றால் எனக்கும் அதற்கும் நடுவே ஒரு ஈரத்துணிதான். இது நின்றால் ஹைவே ஓரத்தில் குடும்பத்தோடு நின்று போனில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். வியாதி வேறு, அறிகுறி ஒன்றுதான், ஆனால் ஒன்று என்னையும் உள்ளே சேர்த்துக்கொண்டது, மற்றது பானெட்டுக்குள் கறுப்பு பிளாஸ்டிக் மூடி போட்டு என்னை வெளியே நிற்க வைத்தது. விற்றபோது ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

சென்னையில் கார் செய்தார்கள் என்கிறார்களே, ஹூண்டாய்க்கு முன்னாலேயேவா?

ஆமாம், இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம்கூட உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1948-ல் மெட்ராஸில் தொடங்கியது, தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் இந்தியாவில் கார் வாங்க இருந்ததே மூன்று கதவுகள், ஒன்று வங்காளம், ஒன்று பம்பாய், மூன்றாவது நம் மெட்ராஸ். 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான், வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி. இரண்டு கதவு, சின்ன உடம்பு. 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். மயிலாப்பூர் சந்துகளில் மாமா ரிவர்ஸ் போட்டு நான் பார்த்ததே அபூர்வம்.

ஆனால் நான் அந்தக் காரிடம் மயங்கியது பானெட்டால். மற்ற கார்களில் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டுமாக முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாய்ந்துவிடும், இன்ஜின் மொத்தமும் வெட்டவெளியில். மாமா முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, மடியில் ஸ்பேனர் வைத்துக்கொண்டு, பிளக்கில் பொறி வருவதற்காகக் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற பிளாட்டினம் பாயிண்டில் உப்புத்தாள் தேய்ப்பார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், கார்பரேட்டர், டைனமோ எல்லாம் எங்கே இருக்கிறது, எது எதைச் சுற்றுகிறது என்று நான் கற்றது அங்கேதான். மழைக்காலத்தில் எந்தப் பழைய காருக்கும் வருகிற தொல்லை டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போவது, அதைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் கிளம்பிவிடும். ஹெரால்டில் அதை ஒரு பள்ளிக்கூடப் பையனால் செய்ய முடிந்தது.

அந்தக் கம்பெனி முடிந்த விதம்தான் பரிதாபம். 1970-களில் கெஸல் என்று நான்கு கதவு கார் செய்து நிறுத்தினார்கள். அப்புறம் 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 என்ற பெரிய அழகான காரின் உடம்பு, அதற்குள் 1940-களின் வேன்கார்டு என்ற காரின் வழிவந்த இரண்டு லிட்டர் இன்ஜின். பெட்ரோல் குடிக்கும், போகாது. அன்றைக்கு ரோட்டில் மாருதி வந்தாயிற்று, யார் வாங்குவார்கள்? 1988-ல் கதவை மூடினார்கள்.

மாருதி 800 வந்ததும் என்ன ஆயிற்று?

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வாடிக்கையாளருக்குச் சாவி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை. அப்போது பாயிடம் கேட்டதற்கு, தகர டப்பா, எருமை உரசினால் கவிழ்ந்துவிடும், என்றார். அவரே பிற்பாடு தன் மகளுக்குச் சீராக 800-தான் வாங்கினார்.

என் 800 நானாக வாங்கிய முதல் கார், அதுவும் பிடித்த பட்டியலில்தான் வருகிறது, நிற்காத கார் என்றாலும். எங்கள் வீட்டுப் பெண்களில் முதலில் ஸ்டியரிங் பிடித்தது சின்ன அத்தை, அதுவும் அந்தக் காரில்தான். அம்பாசிடரில் தோள் வலிக்கத் திருப்ப வேண்டியதை இதில் இரண்டு விரலால் திருப்பலாம். திறந்தால் கையை உள்ளே விட இடம் இருக்கும், ஆனால் விட வேண்டிய அவசியமே வராது. பத்மினியும் ஹெரால்டும் நிற்கும்போது பேச்சுக்கு வரும். இது எங்கே போனோம் என்பதில் மட்டும் வரும். 800-ஐ நிறுத்தியது 2014 ஜனவரி, அதே வருடம் மே மாதம் அம்பாசிடரும் போயிற்று.

தள்ளி ஸ்டார்ட் செய்வது எப்படி?

சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி நான்கு பேர் தள்ள வேண்டும், வேகம் பிடித்ததும் கிளட்சை டபக்கென்று விட வேண்டும். தள்ளியவர்களுக்கு டீ வாங்கித் தருவது மரபு. ஆட்டோமேட்டிக் காரில் முயற்சி செய்ய வேண்டாம், நடக்காது. பாட்டரி சுத்தமாகச் செத்துவிட்ட இன்ஜெக்ஷன் காரிலும் நடக்காது, கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும்.

டிக்கியில் என்ன வைத்திருப்பீர்கள்?

ஸ்டெப்னி, ஜாக்கி தவிர: ஒரு செட் பாயிண்ட், கண்டென்சர், ஃபேன் பெல்ட், பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், கட்டுக்கம்பி, ஐந்து லிட்டர் தண்ணீர், அந்த வேட்டித் துணி. அப்புறம் வேறு வேலையில்லாத ஒரு மச்சான் கூட வந்தால் உத்தமம்.

ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

சென்னை என்றால் புதுப்பேட்டை. பழைய காரைப் பிரித்துப் பிரித்து வைத்திருக்கும் அந்தச் சந்துகளில் பியட் கதவுக் கைப்பிடி கேட்டால் முதல் கடைக்காரர் இல்லை என்பார், எட்டாவது கடையில் ஒருவர் மாடியிலிருந்து மூன்று எடுத்துவந்து போடுவார், விலை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான். புதுச் சாமான் என்றால் மவுண்ட் ரோடு பக்கம் ஜி.பி. ரோடு. ரப்பர், கேஸ்கெட், பிரேக் கிட் எல்லாம் இன்னும் வருகிறது. பானெட், மட்கார்டு மாதிரி தகரச் சாமான்தான் கஷ்டம், அதற்கு நல்ல டிங்கரிங் ஆள் ஒருவரைப் பழக்கம் வைத்துக்கொள்வது மேல்.

நானும் ஒரு பழைய கார் வாங்கலாமா?

முதலில் ஆர்.சி. புக்கைப் பாருங்கள், காரை அப்புறம் பார்க்கலாம். ஓனர் பெயர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் மூன்றும் பொருந்தாத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025-ல் 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் கார் ஓடக்கூடாது என்று வந்த கெடுபிடியைக் கேட்டுப் பயந்து போன் செய்கிறார்கள். அது டெல்லிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வந்தது, நமக்கு இல்லை.

50 வயது தாண்டிய, உடம்பு மாற்றாத காரை வின்டேஜ் என்று பதியலாம், 2021 ஜூலையில் விதி வந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போட என்று இந்த மாதிரிக் காரணத்துக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். என்னைக் கேட்டால், ஓட்டத்தான் ஆசை என்றால் 800 மாதிரி ஒன்றில் தொடங்குங்கள். பார்க்கத்தான் ஆசை என்றால் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஜீடீ கார் மியூசியம் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை போய்வந்தால் ஆசை அடங்கவும் வாய்ப்பு உண்டு, முற்றவும் வாய்ப்பு உண்டு.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய காருக்கு ஒத்துக்கொள்கிறதா?

கவனம் வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய், பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வு, கார்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் அது மெதுவாக ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். நான் எத்தனால் தாங்கும் குழாயாக மொத்தமும் மாற்றிவிட்டேன், பெரிய செலவு இல்லை. இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் டாங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். அதனால் வாரம் ஒருமுறை காவேரிப் பாலம் வரை போய்வருகிறேன். இது வீட்டில் நான் சொல்கிற காரணமும்கூட.

வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?

சொல்கிறார்கள்.

ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?

லைசென்ஸ் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாருங்கள், ரோடு காலியாக இருக்கும். ஷூ வேண்டாம், செருப்பு போதும், பெடல்கள் நெருக்கம். கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறது, கையை விட்டுக் கீழே தேடாதீர்கள். பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம்தான், உங்கள் கால்தான் பவர், முன்னால் போகும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் இடையே வழக்கத்தைவிட இரண்டு கார் இடம் கூட விடுங்கள். காலையில் சோக்கை இழுத்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஓடத் தொடங்கியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளக் கறுத்துவிடும், அப்புறம் அதைக் கழற்றித் தேய்ப்பதும் உங்கள் வேலைதான். பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸ் மட்டும் நான் எடுத்துத் தருவேன், அந்தத் தூண் அபார்ட்மெண்ட் அசோசியேஷனுடையது.